பருவுக்கு எந்த மருந்து: ஜெல்லா, மாத்திரையா, ஐசோட்ரெடினாயினா?

முகப்பருவுக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பல சமயம் கைக்கு வருவது கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல். தெரிந்தவர்களைக் கேட்டால் ஏதாவது வெள்ளையாக்கும் க்ரீம் சொல்வார்கள். போனைத் திறந்தால் சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் விளம்பரம். மூன்றையும் மாற்றி மாற்றிப் பூசி ஆறு மாதம் போனபின் பார்த்தால் பரு அப்படியே இருக்கும், அதன்மேல் கருந்தடமும் சேர்ந்திருக்கும். இவற்றில் எது நல்ல மருந்து என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. ஒவ்வொரு மருந்தும் பரு உருவாகும் வழியில் வெவ்வேறு இடத்தைத் தடுக்கிறது. அதனால் உங்கள் முகத்தில் இருப்பது எந்த வகைப் பரு என்று தெரிந்தபிறகுதான் மருந்துகளை ஒப்பிடவே முடியும்.

மயிர்க்காலை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பியில் நான்கு கோளாறுகள் சேர்ந்து பரு வருகிறது. ஆண்ட்ரோஜென் ஹார்மோனின் தூண்டுதலால் எண்ணெய் அதிகம் சுரக்கிறது. துவாரத்தின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. இவை எல்லாம் சேர்ந்து தோலில் அழற்சியைக் கிளப்ப, சிவந்து வீங்குகிறது. அடாப்பலீன், ட்ரெடினாயின் போன்ற ரெட்டினாய்டு ஜெல்கள் (வைட்டமின் ஏ குடும்பத்து மருந்துகள்) அடைப்பைத் திறக்கின்றன, வீக்கத்தையும் ஓரளவு குறைக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவையும் வீக்கத்தையும் குறைக்கிறது. ஹார்மோன் மருந்துகள் எண்ணெயைக் கட்டுப்படுத்துகின்றன. நான்கையும் ஒருசேரத் தொடுவது ஐசோட்ரெடினாயின் மாத்திரை மட்டுமே.

முதலில் கண்ணாடி முன் நில்லுங்கள்

வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, கன்னத்துத் தோலை இரு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். சின்னச் சின்ன மேடுகள், சில கருத்த வாயோடு, சில தோல்நிறத்தில் மூடியபடி தெரிந்தால் அவை பிளாக்ஹெட்டும் ஒயிட்ஹெட்டும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, தேய்த்துக் கழுவினால் போகாது. சிவந்த மேடுகளும் சீழ் முனையும் இருந்தால் அழற்சிப் பரு. தொட்டால் வலிக்கும், விரல்நுனி ஆழத்துக்குக் கட்டியாக இறங்கியிருந்தால் அது முடிச்சுப் பரு. இந்த மூன்றாவது வகை ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தாலோ, ஏற்கெனவே பள்ளம் விழத் தொடங்கியிருந்தாலோ ஜெல் வாங்கிச் சோதனை செய்து நாளைக் கடத்தாதீர்கள். நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு புறநோயாளிகளைப் பார்க்கிறது. கருந்தடம் மாதக்கணக்கில் மங்கும். பள்ளம் தானாக நிரம்பாது.

பரு போலவே இருந்து ஏமாற்றும் ஒன்றும் உண்டு. நெற்றி, மார்பு, முதுகு இவற்றில் குருணை தூவியதுபோல் ஒரே அளவில், அரிப்போடு வருமானால் அது பெரும்பாலும் மலசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்காலில் வரும் அழற்சி. வியர்வை அதிகமுள்ள ஊர்களில் இது சகஜம். ஆன்டிபயாட்டிக் மாத்திரை எடுத்தால் இது கூடும், கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துக்கு அடங்கும். நெற்றி ஓரத்தில் மட்டும் மூடிய மேடுகள் வரிசை கட்டினால் தலை எண்ணெயையும் ஹேர் க்ரீமையும் சந்தேகியுங்கள். காசநோய்க்கு எடுக்கும் ஐசோனியாசிட், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், ஸ்டீராய்டு மாத்திரை, ஜிம்மில் போடும் ஹார்மோன் ஊசி ஆகியவையும் பருவைக் கொண்டுவரும். காசநோய், வலிப்பு மருந்துகளையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடாப்பலீனா, பென்சாயில் பெராக்சைடா?

லேசான, நடுத்தரப் பருவுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். பிளாக்ஹெட், ஒயிட்ஹெட் மட்டும் என்றால் அடாப்பலீன் 0.1 சதவீத ஜெல் போதும். சிவந்த பருவும் சீழும் அதிகம் என்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். இரண்டும் கலந்திருந்தால், பலருக்கும் அப்படித்தான் இருக்கும், இரண்டும் வேண்டும். 0.1 சதவீத அடாப்பலீனும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் ஒரே குழாயில் சேர்ந்த ஜெல்லும் கிடைக்கிறது. 2021இல் வெளியான, பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பின் வழிகாட்டுதலிலும் இந்தச் சேர்க்கை முதல்நிலை மருந்துகளில் ஒன்று.

பென்சாயில் பெராக்சைடில் 10 சதவீதம் வாங்கினால் நான்கு மடங்கு வேலை செய்யும் என்று நினைப்பது தவறு. சிவந்த பருவைக் குறைப்பதில் 2.5 சதவீதமும் 10 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றுதான். எரிச்சலும் தோல் உரிவதும்தான் கூடும். இதன் பெரிய பலம், பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதில்லை என்பது. பலவீனம், துணியை வெளுத்துவிடும். கலர் தலையணை உறை, துண்டு, சட்டைக் காலர் எல்லாம் திட்டுத் திட்டாக நிறம் போகும், ஆகவே வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பருவுக்குப் பூசி விடுவதைவிட, குளிக்கும்போது பென்சாயில் பெராக்சைடு வாஷைத் தடவி ஐந்து நிமிடம் விட்டு அலசிவிடுவது எளிது. இன்னொன்று: சூட்டில் வைத்தால் இது சிதைந்து, புற்றுநோயைத் தரக்கூடிய பென்சீன் என்ற வேதிப்பொருள் உண்டாகலாம். அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுந்து, 2025 மார்ச்சில் சில தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. நம் ஊர் வெயிலில் பைக் பெட்டியிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள், காலாவதித் தேதியைத் தாண்டியதைப் பூசாதீர்கள்.

அடாப்பலீன் வேறு மாதிரி. இன்று முகத்தில் தெரியும் பரு பல வாரங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக உள்ளே தொடங்கிவிட்டது. அந்த அடைப்பை உண்டாகாமல் செய்வதுதான் அடாப்பலீனின் வேலை. எனவே பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்தால் பயனில்லை. பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்கிறவர்கள் ஏராளம்.

பூசும் முறை இது. இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். ஒற்றித் துடைத்துவிட்டு 15 முதல் 20 நிமிடம் காயவிடுங்கள், ஈரத் தோலில் எரிச்சல் அதிகம். ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரல்நுனியில் எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து புள்ளியாக வைத்துப் பரப்புங்கள். முழு முகத்துக்கும் அவ்வளவுதான். 15 கிராம் குழாய் ஒன்றரை மாதமாவது வர வேண்டும், பத்து நாளில் தீர்ந்தால் அளவு தப்பு. கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் ஆகியவற்றில் முன்கூட்டியே கொஞ்சம் வாஸலின் தடவிவிட்டால் அங்கே வெந்துபோகாது. முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பொறுத்துக்கொண்டால் தினமும். தோல் வறண்டவர்கள் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று பூசலாம்.

முதல் மாதத்தில் தோல் உரியும், இழுக்கும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடவும் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிட்டு வேறு க்ரீமுக்குத் தாவுவதுதான் சிகிச்சை தோற்பதற்கு மிகப் பெரிய காரணம். எந்தப் பரு மருந்தையும் 12 வாரம் ஒழுங்காகப் பூசிய பிறகுதான் எடைபோட வேண்டும். முகம் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, கடும் அரிப்பு வந்தாலோ மட்டும் உடனே நிறுத்துங்கள். அது ஒவ்வாமை, பென்சாயில் பெராக்சைடுக்குச் சிலருக்கு வரும்.

ட்ரெடினாயினும் அதே குடும்பம். 0.025 சதவீதத்தில் தொடங்குவார்கள். அடாப்பலீனைவிட எரிச்சல் அதிகம், வெளிச்சத்தில் சிதையும், பழைய வகைத் தயாரிப்புகளைப் பென்சாயில் பெராக்சைடோடு ஒரே நேரத்தில் பூசினால் செயலிழக்கும். அதனால் காலையில் பென்சாயில் பெராக்சைடு, இரவில் ட்ரெடினாயின் என்று பிரிக்க வேண்டும். அடாப்பலீனுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ட்ரெடினாயினைத் தேடிப் போகத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. இரண்டில் எதைப் பூசினாலும் மேலுதட்டில், புருவத்தில் வாக்ஸிங் செய்வதைத் தவிருங்கள், தோல் பிய்ந்துவரும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் இரண்டையும் பூசக் கூடாது.

கிளிண்டாமைசினைத் தனியாகப் பூசாதீர்கள்

கிளிண்டாமைசின் 1 சதவீத ஜெல் எரியாது, உரியாது, இரண்டு வாரத்தில் சிவப்பு குறையும். அதனால்தான் இவ்வளவு பிரபலம். ஆனால் தனியாகப் பூசினால் பாக்டீரியா அதற்குப் பழகிக்கொள்கிறது, சில மாதத்தில் பலன் தேய்கிறது. நிக்கோட்டினமைடு சேர்த்த கிளிண்டாமைசின் ஜெல்லும் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. பென்சாயில் பெராக்சைடு கூடவே இருந்தால்தான் மருந்துக்கு எதிரான பாக்டீரியாவின் எதிர்ப்புத்திறன் வளராது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் காலையில் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் பூசி, சிவப்பு அடங்கியதும் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் விட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் அதை நீட்ட வேண்டாம்.

கருந்தடம்தான் கவலை என்றால்

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பருவைவிட அது விட்டுப்போகும் தடம்தான் அதிக வேதனை. இதற்கு அசெலாயிக் அமிலம் தனி இடம் பெறுகிறது. 15 சதவீத ஜெல், 20 சதவீத க்ரீம் என்ற அளவுகளில், தினம் இரு வேளை. அடைப்பு, பாக்டீரியா இரண்டையும் மிதமாகக் குறைப்பதோடு, தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியையும் தடுக்கிறது. பூசிய சில நிமிடம் குறுகுறுவென்று அரிக்கும், சில வாரத்தில் பழகிவிடும். வேகத்தில் அடாப்பலீன் கூட்டணியை எட்டாது. ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பாதுகாப்பாகப் பூசக்கூடிய மருந்துகளில் இதுவே முதல்.

எந்த மருந்து பூசினாலும் சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் தடம் மங்காது. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், ஜெல் வகை, இரு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். தடம் அதிகமுள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் எடுத்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தடத்தைக் கறுக்க வைக்கிறது, சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை.

சாலிசிலிக் அமிலம் 2 சதவீத ஃபேஸ்வாஷ் ஒரு துணைதான். ஓரிரு பிளாக்ஹெட் இருப்பவர்களுக்குப் போதும். நடுத்தரப் பருவை அது மட்டுமே வைத்து அடக்க முடியாது.

மாத்திரைக்குப் போகும் கட்டம்

முகம் முழுக்கச் சிவந்த பரு, அல்லது மார்பும் முதுகும் சேர்ந்த பரு, அல்லது 12 வாரம் ஒழுங்காகப் பூசியும் பாதிகூடக் குறையாத பரு. இவற்றுக்கு மாத்திரை. இங்கிருந்து எல்லாமே மருத்துவர் சீட்டோடு மட்டும்.

ஆன்டிபயாட்டிக்கில் முதல் தேர்வு டாக்சிசைக்ளின், வழக்கமாகத் தினம் 100 மி.கி. மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. கூடவே பென்சாயில் பெராக்சைடும் ரெட்டினாய்டும் பூசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை நின்றதும் பரு திரும்பும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள். படுக்கப் போகும்முன் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கியவர்களுக்கு மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகி, எச்சில் விழுங்கவே முடியாமல் போவதுண்டு. இரும்புச்சத்து, கால்சியம், அசிடிட்டி மருந்துகளை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கூடாது.

நம் ஊரில் அசித்ரோமைசின் 500 மி.கி. வாரம் மூன்று நாள் என்று எழுதுவதும் உண்டு. டாக்சிசைக்ளின் எடுக்கவே முடியாதவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு, நுரையீரல் தொற்றுக்கும் டைஃபாய்டுக்கும் கையில் இருக்க வேண்டிய மருந்தைப் பருவுக்குச் செலவழிப்பது நியாயமில்லை.

பெண்களுக்கு வேறொரு பாதையும் இருக்கிறது. இருபது வயதைத் தாண்டியும் தாடையோரத்திலும் கன்னத்தின் கீழ்ப்பாதியிலும் பரு, மாதவிடாய்க்கு முந்தின வாரம் கூடுதல் என்றால் ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும். மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவதும், தாடையில் முடி வளர்வதும், உச்சந்தலை முடி மெலிவதும் சேர்ந்தால் நீர்க்கட்டிப் பிரச்சினை எனும் பி.சி.ஓ.எஸ். உண்டா என்று சோதியுங்கள். அப்படி இருக்கும்போது வெறும் ஜெல்லை மாற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போல. கருத்தடை ஹார்மோன் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் 50 முதல் 100 மி.கி. ஆகியவை இங்கே பலன் தரும், ஆனால் மூன்று மாதமாவது ஆகும். கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டி வந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை ஆகாது. ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, ஆண் சிசுவின் வளர்ச்சியைக் கெடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும். ஆண்களுக்கு இது மார்பைப் பெருக்கும், பருவுக்காகத் தருவதில்லை.

ஐசோட்ரெடினாயின்: பயம் எவ்வளவு சரி?

முடிச்சுப் பரு, தழும்பு விழும் பரு, ஆன்டிபயாட்டிக் நிறுத்தியதும் திரும்பத் திரும்ப வரும் பரு. இவற்றுக்கு இதற்கு நிகரானது எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1982 முதல் புழக்கத்தில் இருக்கும் மருந்து. பலருக்கு ஒரு சுற்றோடு பரு நீண்ட காலம் ஓய்ந்துவிடுகிறது.

கணக்கு எளிது. வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 0.5 முதல் 1 மி.கி., மொத்தம் ஒரு கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. அறுபது கிலோ எடைக்கு மொத்தம் 7,200 முதல் 9,000 மி.கி. தினம் 40 மி.கி. எடுத்தால் 7,200ஐ எட்ட ஆறு மாதம், 20 மி.கி. என்றால் ஒரு வருடம். ஆறு வாரத்தில் முகம் தெளிந்துவிட்டதே என்று தானாக நிறுத்துகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் பரு திரும்புகிறது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடலில் சேரும். வெறும் வயிற்றில் எடுத்தால் பாதி வீண்.

உதடு வெடிப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு, வாஸலின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். கண் வறட்சி, மூக்கில் லேசான ரத்தக்கசிவு, தசைவலி வரலாம். தொடங்கும் முன்பும் இடையிலும் கல்லீரல் பரிசோதனையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் அளவும் பார்ப்பார்கள். டாக்சிசைக்ளினோடு சேர்த்து எடுக்கவே கூடாது, மண்டைக்குள் அழுத்தம் ஏறும். வைட்டமின் ஏ மாத்திரையும் கூடாது. மனச்சோர்வு பற்றிய பயம் பரவலாக இருக்கிறது. மக்கள்தொகை அளவிலான ஆய்வுகளில் கூடுதல் ஆபத்து தெரியவில்லை, ஆனாலும் தனி ஒருவருக்கு மனநிலை மாறலாம் என்பதால் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது கர்ப்பம் பற்றி மட்டும்தான். கருவில் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, எடுக்கும் காலம் முழுவதும், நிறுத்திய ஒரு மாதம் வரை உறுதியான கருத்தடை வேண்டும், தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு முகூர்த்தத்துக்குள் முகம் தெளிய வேண்டும் என்று அவசரமாக இதைத் தொடங்கினால், திருமணத் தேதியையும் இந்த மாதக் கணக்கையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கூச்சத்தில் மறைக்கிற விஷயம் இல்லை இது. எடுக்கும்போதும் நிறுத்திய ஒரு மாதம் வரையும் ஆண்களும் பெண்களும் ரத்த தானம் செய்யக் கூடாது, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம்.

ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாத க்ரீம்கள்

கையில் இருக்கும் வெள்ளையாக்கும் க்ரீமின் குழாயைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் பருவும் சிவப்பும் மாயமாகி முகம் பளபளக்கும். சில வாரம் போனால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, மெல்லிய முடி முளைத்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் பரு முன்னைவிடக் கொத்தாகக் கிளம்பும், அதைத் தணிக்க மறுபடி அதே க்ரீம். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் எவ்வளவு நாள், எந்த க்ரீம் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், எப்படி இறங்குவது என்று அவர் சொல்வார். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் பொசுக்கித் தடத்தை ஆழமாக்கும். கிள்ளுவதும் அப்படியே.

சாப்பாட்டில் எண்ணெய்ப் பலகாரமும் வேர்க்கடலையும்தான் குற்றவாளி என்பதற்கு ஆதாரம் போதாது. சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு, பால், ஜிம்மில் குடிக்கும் வே புரோட்டீன் ஆகியவற்றுக்குத் தொடர்பு தெரிகிறது. புரோட்டீன் பவுடர் தொடங்கிய பிறகு பரு கூடியிருந்தால் இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள்.

நாளை மறுநாள் விசேஷம், ஒரே ஒரு பெரிய கட்டி என்றால் அதற்குள்ளேயே நீர்த்த ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை மருத்துவர் துளியளவு போடலாம், ஓரிரு நாளில் அமுங்கும். அளவு கூடினால் அந்த இடம் குழிந்துபோகும் என்பதால் பழக்கமுள்ள கை வேண்டும். பள்ளத் தழும்புக்கான மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் தோலைக் குத்துவது), சப்சிஷன் (பள்ளத்தின் அடியில் இழுத்துப் பிடிக்கும் இழைகளை ஊசியால் அறுப்பது), லேசர் எல்லாம் பரு அடங்கிய பிறகுதான். புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போதே அவற்றுக்குப் பணம் கட்டினால், ஒரு பள்ளத்தைச் சமன் செய்வதற்குள் பக்கத்தில் இன்னொன்று விழும்.

முகம் தெளிந்தபிறகும் அடாப்பலீனை விட்டுவிடாமல் வாரம் இரண்டு மூன்று இரவு, குறைந்தது ஒரு வருடத்துக்குப் பூசுங்கள். குழாய் தீர்ந்த அன்று அதே சதவீதம்தானா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். 0.1ம் 0.3ம் ஒரே மாதிரிப் பெட்டியில் வருவதுண்டு.